ஃபியூயல் லைனைக் கழற்றும் முன் பிரஷரை இறக்குவது: வண்டியை ராத்திரி நிறுத்தி வைத்தால் போதாதா?

02-03-2024, இரவு 9.10 (கேள்வி)

இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) கேஸ்கெட்டை நானே மாற்றப் போகிறேன். அதற்கு இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயான ஃபியூயல் ரெயிலைக் கழற்ற வேண்டும். எங்கே தேடினாலும் ஃபியூஸைப் பிடுங்கு, இன்ஜினை ஓடவிட்டு அணையவிடு, பேட்டரியைக் கழற்று என்று பெரிய சடங்காக எழுதியிருக்கிறார்கள். வண்டி ஒரு ராத்திரி சும்மா நின்றால் பிரஷர் தானாக இறங்கிவிடும், காலையில் போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. சரிதானே?

02-03-2024, இரவு 10.05

சரியில்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டி என்றால் காலையிலும் பிரஷர் இருக்கும், இருக்க வேண்டும். டாங்குக்குள் இருக்கும் பம்ப்பில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு உண்டு, முன்னால் இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் மூடிக்கிடக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட பெட்ரோலுக்குப் போக வழி கிடையாது. அடுத்த தடவை சாவியைத் திருப்பியதும் வண்டி சட்டென்று எடுக்க வேண்டும், சூடான இன்ஜினில் ரெயிலுக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டக்கூடாது, இந்த இரண்டுக்காகவும் வேண்டுமென்றே அப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறதென்றால் எங்கோ கசிகிறது, அந்த வண்டி காலையில் ரொம்ப நேரம் கிராங்க் வாங்கித்தான் (ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றிச் சுற்றித்தான்) எடுக்கும். ஆக உங்கள் கணக்கு பலிக்க வேண்டுமானால் வண்டிக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும்.

ஃபியூயல் பிரஷர் கேஜை மாட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போய்ப் பார்த்திருக்கிறேன். அணைத்தபோது 3.8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கொஞ்ச நேரத்தில் முள் இறங்காமல் மேலே ஏறியது, ஏனென்றால் காற்றோட்டம் நின்ற பிறகு இன்ஜினின் சூடெல்லாம் ரெயிலில் இருக்கும் பெட்ரோலுக்குத்தான் போகிறது. காலையில் பார்த்தால் இரண்டுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. அதனால் ஓட்டி வந்து அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழற்றுவது இருப்பதிலேயே மோசமான நேரம்.

02-03-2024, இரவு 10.20

3 பார் என்றால் சும்மா சொட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்குப் போட்டால் லைனின் வாயிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வேகம் நொடிக்கு 28 மீட்டர் வருகிறது, அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகத்துக்கும் லைனின் நட்டுக்கும் இருக்கும் தூரம் ஒரு முழம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படிக்கப் போடும் கண்ணாடி இதில் சேராது.

03-03-2024, காலை 7.30

சரி, செய்யும் முறை. போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு முன்னால், காற்று வரும் வழியில் பெட்ரோலைப் பீச்சும்) பெட்ரோல் வண்டிக்குத்தான் சொல்கிறேன். பிரஷர் பொதுவாக இரண்டரை முதல் நான்கு பார் வரை இருக்கும் வகை இது. டைரக்ட் இன்ஜெக்ஷன் (நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சும் வகை), டீசல் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்குத் தனியாக வருகிறேன்.

காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஆரம்பியுங்கள். திறந்த வெளி உத்தமம். சாவி ஆஃபில் இருக்கும்போது பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். எது என்பது ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் போட்டிருக்கும், இல்லையென்றால் மேனுவலில். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் மிச்சமிருக்கும் பிரஷரிலேயே சில நொடி ஓடும், அப்புறம் இருமித் திணறி அணையும். இன்னும் ஒருமுறை மூன்று நான்கு நொடி கிராங்க் கொடுங்கள், அதற்கு மேல் ஸ்டார்ட்டரைப் படுத்த வேண்டாம். சாவியை வெளியே எடுங்கள். பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து உள்ளே கட்டியிருக்கும் ஆவியை வெளியேற்றி, லேசாக மூடி வையுங்கள். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கிராங்க் செய்ய பேட்டரி வேண்டும், அதனால் முதலிலேயே கழற்ற முடியாது. டெர்மினலைக் கழற்றும்போது சின்னதாகப் பொறி வரலாம், அதனால் லைனைத் திறந்த பிறகும் கழற்றக்கூடாது. நடுவில்தான் இடம். திரும்ப மாட்டும்போதும் இதே நியாயம்தான்: லைன் எல்லாம் மூடி, சிந்தியதைத் துடைத்து, வாசனை போன பிறகுதான் பேட்டரி.

காலையிலேயே செய்யச் சொல்வது ஏனென்றால், அந்தச் சில நொடி ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடேறாது. பெட்ரோல் சுமார் 280 டிகிரி செல்சியஸில் பொறியே இல்லாமல் தானாகப் பற்றக்கூடியது, நன்றாக ஓட்டி வந்த வண்டியின் மேனிஃபோல்டு அதைத் தாண்டியிருக்கும். பல இன்ஜின்களில் ரெயிலுக்கும் அதற்கும் இடையே ஹெட் மட்டும்தான் மறைப்பு.

03-03-2024, காலை 11.50

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃபியூஸைப் பிடுங்கினேன், ஸ்டார்ட்டே ஆகவில்லை, பிரஷர் போயிருக்குமா?"

போயிருக்காது. நீங்கள் பிடுங்கியது வேறு ஃபியூஸ், இல்லையென்றால் உங்கள் வண்டியில் அதே ஃபியூஸிலிருந்துதான் இன்ஜெக்டருக்கோ இசியூவுக்கோ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) கரண்ட் போகிறது. இன்ஜெக்டர் திறக்காவிட்டால் பெட்ரோல் எங்கே போகும்? உள்ளேயே முழுப் பிரஷரோடு உட்கார்ந்திருக்கும். நண்பர் ஒருவரின் வண்டியில் இதை நேரில் பார்த்தேன். ஃபியூஸை எடுத்தால் செத்த மாதிரி கிடந்தது, பக்கத்திலேயே இருந்த ரிலேயை எடுத்தபோதுதான் ஒழுங்காக ஓடித் திணறி நின்றது. திணறல்தான் அடையாளம். சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றாலும் சந்தேகப்படுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஜம்மென்று ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் எடுத்தது ஹாரன் ஃபியூஸாக இருக்கும், அடித்துப் பாருங்கள்.

ஃபியூஸ் எதுவும் பிடிபடவில்லை என்றால் பின் சீட்டுக்கு அடியில் பம்ப்பின் கனெக்டர் இருக்கும் வண்டிகள் நிறைய. அதைப் பிடுங்கலாம், ஆனால் சாவி ஆஃபில் மட்டும். டாங்கின் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கரண்ட் ஓடும் கனெக்டரை இழுக்காதீர்கள்.

03-03-2024, மாலை 6.15

"இருபது வருஷமாக வண்டி கழற்றுகிறேன், இதெல்லாம் செய்ததே இல்லை, ஒன்றும் ஆனதில்லை" என்கிறார் ஒரு பெரியவர். ஐயா, நீங்கள் கழற்றியது கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் நீங்கள் சொல்வது நியாயம்தான். அந்த மெக்கானிக்கல் பம்ப் தருவது அரை பாருக்குள்தான், ஓஸைப் பிடுங்கினால் சட்டை நனையும், அவ்வளவே. இன்ஜெக்ஷன் வந்ததும் கதை மாறிவிட்டது. 1973-இல் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்ஷன் முறையிலேயே ஐந்து பார் அளவுக்குப் பிரஷர் உண்டு, இன்ஜின் நின்ற பிறகும் அதைப் பிடித்து வைக்கவே அக்யுமுலேட்டர் என்று தனியாக ஒரு உருளையும் உண்டு. பழைய வண்டிதானே என்று அதைக் கழற்றப் போய்க் குளித்தவர்கள் இருப்பார்கள்.

04-03-2024, இரவு 8.40

நேற்றுக் காலை எழுதியதைத் திரும்பப் படித்தேன். முறை சரி, ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் "பிரஷர் இறங்கியாச்சு, இனி பயமில்லை" என்று நினைப்பார். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு நேர் எதிர். பிரஷர் போவது வேறு, பெட்ரோல் போவது வேறு.

இன்ஜின் அணைவது பிரஷர் பூஜ்யமானதால் இல்லை, ஓடப் போதாததால். கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதுவும் போய் முள் பூஜ்யத்தைத் தொட்டாலும் ரெயில், லைன், ஃபில்டர் எல்லாவற்றிலும் பெட்ரோல் நிறைந்தே இருக்கும். மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்தியதும் வீட்டுக் குழாய் வற்றிவிடுமா? அப்படித்தான். முதல் பீச்சலைத்தான் நாம் தவிர்த்திருக்கிறோம், அதற்குப் பின்னால் வரும் ஒழுக்கை இல்லை.

வண்டிக்கு அடியில் இருக்கும் ஃபில்டரை மாற்றும்போது இது நன்றாகப் புரியும். பிரஷரை ஒழுங்காக இறக்கிவிட்டு, மல்லாந்து படுத்து, கனெக்டரை அழுத்தி இழுத்தால் சீறல் எதுவும் இல்லை, சமத்தாக வந்துவிடும். அடுத்த நொடியில் பெட்ரோல் விரல் நுனியிலிருந்து உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று உள்ளுக்குள் வழிந்து அக்குள் வரைக்கும் போகும். முதலில் சில்லென்று இருக்கும். கொஞ்சம் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும், மடிப்பில் இருக்கும் தோல் வேறு. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் துடைக்கவும் முடியாது. டாங்க் ஃபில்டரைவிட மேலே இருந்தால் இந்த ஒழுக்கு தானாக நிற்காது, சைஃபன் பிடித்துக்கொண்டு வந்துகொண்டே இருக்கும். அன்றிலிருந்து லைனின் வாயை அடைக்கும் ரப்பர் மூடியை முதலில் எடுத்து மார்மேல் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். டாங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கழற்றிய ஃபில்டருக்குள்ளும் பெட்ரோல் இருக்கும். அதைத் தரையில் உருட்டிவிடாமல் டப்பாவில் கவிழ்க்க வேண்டும்.

தீ விஷயத்துக்கு வந்தால், கண்ணுக்குத் தெரியும் பெட்ரோலைவிடத் தெரியாத ஆவிதான் ஆபத்து. பெட்ரோலின் ஃபிளாஷ் பாயிண்ட் (பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே, எந்தக் குளிரிலும் அது ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றும் நிலைக்கு வந்துவிடும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அதனால் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நீங்கள் பாதுகாப்பாக மேலே நின்று ஸ்பேனர் திருப்பிக்கொண்டிருக்கும்போது அது அறையின் மறுகோடியில் இருக்கும் கேஸ் கீசரின் பைலட் சுடரைப் போய்த் தொடும். ஃப்ரிட்ஜ் தானாக ஆன் ஆகும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி உண்டு, அதையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. மூடிய கராஜில் செய்கிறவர்கள் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

04-03-2024, இரவு 9.05

வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு கட்டிய கைவிளக்கை எடுத்துப் போகாதீர்கள். அதன்மேல் ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் கண்ணாடி வெடிக்கும், உள்ளே இழை சிவக்கச் சிவக்க இருக்கும். எல்ஈடி போதும். கைக்கெட்டும் தூரத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் வேண்டும், தண்ணீர் வாளி உதவாது, ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

05-03-2024, மதியம் 1.30

ரெயிலில் டயர் வால்வு மாதிரியே ஒன்று இருக்கிறதே, டயர் கேஜை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். அது ஸ்ரேடர் வால்வு, டயரில் இருப்பதும் அதே இனம்தான். ஆனால் டயர் கேஜ் காற்றுக்குச் செய்தது, அதன் ரப்பர் பெட்ரோலைத் தாங்காது, உள்ளே போன பெட்ரோல் கைப்பிடி வழியாக உங்கள் மேலேயே வரும். ஃபியூயல் பிரஷர் கேஜ் என்றே விற்கிறார்கள், பக்கத்தில் ஒரு பட்டனும் மெல்லிய டியூபும் இருக்கும். டியூபின் நுனியை டப்பாவில் விட்டுப் பட்டனை அழுத்தினால் பெட்ரோல் அடக்கமாக டப்பாவுக்குப் போய்விடும், முள் இறங்குவதையும் கண்ணால் பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு அணைத்த பிறகும் இதை மாட்டி ஒருமுறை பார்த்துவிடுவேன். காதால் கேட்டதை நம்புவதைவிட முள்ளை நம்பலாம்.

ஸ்க்ரூடிரைவரால் ஊசியை அழுத்தி வெளியேற்றும் வித்தையும் உலாவுகிறது. துணி போர்த்தி அழுத்தினாலும் அந்த வாய் மேலே பார்த்தபடி இருப்பதால் துணியின் ஓரத்தில் மூடுபனி மாதிரி கிளம்பும். முதலில் இன்ஜினை ஓடவிட்டு இறக்கியாகிவிட்டது, மிச்சம் கொஞ்சம்தான் என்றால் பரவாயில்லை. முழுப் பிரஷரில் செய்யாதீர்கள்.

நிறைய வண்டிகளில் இந்த வால்வே கிடையாது. ரெயில் நுனியில் உருண்டையாக ஒன்று இருந்தால் அது பிரஷரின் துடிப்பை அடக்கும் பல்ஸேஷன் டேம்பராக இருக்கலாம், அதைக் கழற்றிவிடாதீர்கள்.

05-03-2024, மதியம் 2.10

ரெகுலேட்டரின் (ரெயிலில் பிரஷரை அளவாக வைக்கும் கருவி) வேக்யூம் குழாயில் கை பம்ப்பை மாட்டி இழுத்தால் பெட்ரோல் முழுக்க டாங்குக்குத் திரும்பிவிடும் என்று எழுதியவருக்கு: பாதி உண்மை. ரிட்டர்ன் லைன் உள்ள பழைய வண்டிகளில் ரெகுலேட்டர் ஸ்பிரிங் 3 பாருக்கு வைத்திருப்பார்கள், வேக்யூம் அதிலிருந்து தன் அளவைக் கழிக்கும். எவ்வளவு நன்றாக இழுத்தாலும் கை பம்ப்பில் 0.7, 0.8 பாருக்கு மேல் வேக்யூம் வராது. மிச்சம் இரண்டுக்கு மேல் அப்படியே இருக்கும். ரெகுலேட்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அந்தக் குழாயைப் பிடுங்கி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வரக்கூடாது. அதற்கு அது நல்ல இடம்.

06-03-2024, இரவு 9.45

இன்ஜின் ஓடாத வண்டியில் எப்படி இறக்குவது? நல்ல கேள்வி, நிறைய பேர் பானெட்டைத் திறப்பதே வண்டி ஓடாததால்தான்.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கிராங்க் மட்டும் கொடுத்தால் இன்ஜெக்டர் துடிக்கும், கொஞ்சம் இறங்கும். ஆனால் கிராங்க் சென்சாரே போயிருந்தால் இன்ஜெக்டருக்குக் கட்டளை வராது, எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. கிராங்க் செய்யும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், பல வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும். ரொம்பச் சுற்றினால் எரியாத பெட்ரோல் சிலிண்டரில் இறங்கி ஆயிலைக் கழுவும், அதுவும் வேண்டாம். கேஜும் டியூபும் இருந்தால் அதுதான் வழி. அதுவும் இல்லை என்றால் கனெக்டரைச் சுற்றித் தடிமனாகப் பனியன் துணியைக் கட்டி, அடியில் டப்பா வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாகத் தளர்த்துவது. நட்டு போட்ட இணைப்பு என்றால் கால் சுற்று விட்டு நிறுத்தி, சீறல் அடங்கும்வரை காத்திருக்கலாம். கிளிப் வகை அப்படி அரைகுறையாகத் திறக்காது, வந்தால் முழுசாக வரும்.

இன்ஜெக்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துத் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியேறும் பெட்ரோல் முழுக்க ஒரே சிலிண்டர் பக்கம் போகும், அடுத்த ஸ்டார்ட்டில் பிஸ்டன் திரவத்தை அழுத்தப் பார்க்கலாம். கனெக்டிங் ராட் வளைந்தால் கேஸ்கெட் வேலை இன்ஜின் வேலையாகிவிடும்.

07-03-2024, காலை 6.50

டைரக்ட் இன்ஜெக்ஷன், டீசல். தனியாக வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோலில் இரண்டு பகுதி. டாங்கிலிருந்து இன்ஜின் வரை வரும் பகுதியில் நான்கு முதல் ஆறு பார், அங்கே மேலே சொன்ன முறை ஏறக்குறையப் பொருந்தும். இன்ஜினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப்புக்கு அப்பால் 200 பார், புதியவற்றில் 350 வரை. அந்தப் பக்கத்தை ஸ்கேனர் (இசியூவில் மாட்டி அளவுகளைப் படிக்கும் கருவி) இல்லாமல் தொடாதீர்கள். டாங்க் பம்ப்பை நிறுத்தி இன்ஜினைத் திணறவிட்டால் அந்தப் பக்கமும் இறங்கும், ஆனால் இறங்கியதா என்பதை ரெயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காத்திருக்கும் நேரம் வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். கழற்றிய ஸ்டீல் குழாயைத் திரும்ப மாட்டக்கூடாது, புதுசுதான் போட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதன் நட்டுக்கு டார்க் அளவும் உண்டு, கைக்கணக்கில் இறுக்குவது இல்லை.

காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் பிரஷர் ரெயில் உள்ள புது வகை) ஐடிலிங்கிலேயே 300 பார் அளவில் இருக்கும், மிதித்தால் 1600, 2000 என்று போகும். பழைய டீசலில் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள் இல்லையா, அந்தக் கைப்பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. மயிரிழை ஓட்டையிலிருந்து வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது, ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கட்டுப்போட்டுக்கொண்டு காத்திருந்து விரலையும் கையையும் இழந்தவர்கள் உண்டு. எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள்.

கேஸ் கிட் (சிஎன்ஜி, எல்பிஜி) போட்ட வண்டியில் எப்படி என்று கேட்டவருக்கு: அதன் லைனை அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர் கழற்றட்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

07-03-2024, இரவு 10.30

ஒரு சிக்கல் விட்டுப்போயிருந்தது. சாவியை ஆனில் வைத்தால் பம்ப் இரண்டு நொடி ஓடிப் பிரஷர் கட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில வண்டிகளில் சாவியே வேண்டாம், டிரைவர் கதவைத் திறந்தாலே பம்ப் ஓட ஆரம்பித்துவிடும், ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகள் பலவற்றில் இப்படி. டாங்க் பக்கம் ஒரு முனகல் கேட்டால் அதுதான். நீங்கள் முன்னால் லைனைத் திறந்து வைத்திருக்கும்போது வீட்டில் யாராவது ஃபோனை எடுக்கக் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு வேலை பார்க்காதீர்கள், பையில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் சாவியையும் வண்டிக்கு வெளியே தூரமாக வையுங்கள். பேட்டரியையும் கழற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹைப்ரிட் வண்டியில் நாம் நினைத்தபோது இன்ஜின் ஓடாது. டொயோட்டா ஹைப்ரிட்களில் இன்ஜினை விடாமல் ஓடவைக்க மெயின்டெனன்ஸ் மோடு என்று ஒன்று உண்டு, அதற்குள் போகும் வரிசை மேனுவலில் இருக்கும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொட வேண்டாம்.

08-03-2024, மதியம் 12.20

முதலில் கேட்டவருக்கு, யோசித்தபின் தோன்றியது. உங்கள் வேலைக்கு லைனைத் திறக்கத்தான் வேண்டுமா? பல இன்ஜின்களில் ரெயிலின் இரண்டு போல்ட்டையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, ரெயிலை இன்ஜெக்டர்களோடு மொத்தமாக மேலே தூக்கி, லைன் மாட்டியபடியே ஓரமாகச் சாய்த்துக் கட்டி வைக்க இடம் இருக்கும். நான் மேனிஃபோல்டு கழற்றியபோது அப்படித்தான் செய்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்போதும் பிரஷரை இறக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும், ஏனென்றால் ஒரு இன்ஜெக்டர் மேனிஃபோல்டிலேயே ஒட்டிக்கொண்டு ரெயிலிலிருந்து கழன்றால் அந்த ஓட்டை முழுக்கத் திறந்த குழாய்தான். ஆனால் கனெக்டரைத் தொடாமலேயே வேலை முடியுமானால் அதைவிட நிம்மதி வேறில்லை. ஓஸ் எவ்வளவு வளையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், நைலான் குழாய் என்றால் மடித்து வைக்காதீர்கள். அதை கிளாம்ப் போட்டு நசுக்கி அடைப்பதும் கூடாது, கோடு விழுந்து பின்னால் வெடிக்கும்.

08-03-2024, மதியம் 12.45

கழற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் கனெக்டரைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் துடையுங்கள். இரண்டு பக்கக் காதுகளையும் அழுத்திப் பிடித்து, இழுப்பதற்கு முன் உள்ளே ஒரு தள்ளு தள்ளுங்கள். அந்தத் தள்ளலில் கிளிப் விடுபடும், அப்புறம் இழுத்தால் வரும். பலமாக இழுத்தே எடுக்கப் பார்த்தால் காதுதான் உடையும், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அது.

10-03-2024, காலை 9.00

மாட்டும் வேலை பற்றிக் கொஞ்சம். இன்ஜெக்டர் ஓ-ரிங்கைப் பழசையே போடாதீர்கள். புது ஓ-ரிங்கில் துளி இன்ஜின் ஆயில் தடவிச் சுற்றி நுழைத்தால் மடங்காது. கனெக்டர் "டிக்" என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் பின்னால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

ஃபியூஸ், பேட்டரி மாட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் செய்து இரண்டு நொடி, ஆஃப், திரும்ப ஆன், இப்படிச் சில தடவை. பிறகு போய்ப் பாருங்கள். பெட்ரோல் சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் மெல்லிய கசிவு கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டுச் சாவியைப் போடுவேன். ஈரம் பட்ட இடம் பேப்பரில் கறுத்துத் தெரியும். காய்ந்த பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஸ்டார்ட். இன்ஜின் சூடான பிறகும் ஒருமுறை பாருங்கள், குளிரில் பிடித்துக்கொண்டிருந்த ரப்பர் சூட்டில் விட்டுவிடுவதுண்டு.

பெட்ரோல் துணிகளைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம், வாஷிங் மெஷினிலும் வேண்டாம். வெளியே பிரித்துப் போட்டு உலர விடுங்கள்.

10-03-2024, இரவு 7.55

கேள்வி கேட்டவர் வேலையை முடித்துவிட்டார், வண்டி ஓடுகிறது, ஆனால் செக் இன்ஜின் லைட் எரிகிறதாம். ஸ்கேனரில் காட்டும் கோளாறு எண்ணைப் பாருங்கள். பம்ப் இல்லாமல் ஓடவிட்டதால் P0171 வந்திருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைந்தது என்று அர்த்தம், அழித்துவிட்டு ஓட்டினால் திரும்ப வராது. திரும்ப வந்தால் புதுக் கேஸ்கெட் பக்கத்தில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் இதே எண்தான் வரும். P0230 என்றால் பம்ப்பின் கரண்ட் வழி, ரிலே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

P0455 என்றால் டாங்க் மூடி. லேசாகத்தான் மூடச் சொன்னேன், திரும்பப் போய் இறுக்கினீர்களா?

10-03-2024, இரவு 8.20

மூடிதானாம்.